எங்கே நின்று எறிகிறீர்கள்

நிஷாந்திக்கு அலுவலகத்தில் நினா என்று பெயர். கொழும்பில், காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் வேலை செய்த எல்லாருக்கும் இப்படி இன்னொரு பெயர் இருந்தது. ஐரோப்பாவில் மீன்பிடித் தடிகளும் நூல்களும் விற்கும் கம்பனி ஒன்றுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் வெள்ளவத்தையில் இருந்து பதில் சொல்வது அவர்கள் வேலை. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது. யாராவது கேட்டால், 'நாங்கள் பல நாடுகளில் இருக்கிறோம்' என்று சிரித்தபடி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிட வேண்டும்.

சேர்ந்த புதிதில் அவளுக்குத் தூண்டில் பற்றி ஒன்றும் தெரியாது. தகர ரின்னில் அடைத்து வரும் 'சமன்' மீன் உண்மையான சால்மனே இல்லை என்பதைக்கூட இங்கே வந்துதான் அறிந்தாள். மூன்று வருடத்தில் கையேடுகளையும் காணொளிகளையும் பார்த்துப் பார்த்து அந்த வித்தையின் கணக்கு பிடிபட்டுவிட்டது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்கட்டி முன்னால் பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். இந்தத் தூண்டிலில் ஈயமே கிடையாது. கொக்கியில் கட்டியிருப்பது இறகாலும் மயிராலும் செய்த ஒரு பூச்சி, ஊதினால் பறந்துவிடும். ஆகவே எறிபடுவது நூல்தான். நூலின் பாரம் தடியை வளைக்க வேண்டும், வளைந்த தடி நிமிரும்போது நூல் ஆற்றின் குறுக்கே போய் விழ வேண்டும். பாரம் குறைந்தால் தடி வளையாது. கூடினால் சோர்ந்துவிடும். எனவே எந்தத் தடிக்கு எந்த நூல் என்பதுதான் வருகிற கேள்விகளில் முக்கால்வாசி. அதற்கு ஓர் அட்டவணை இருந்தது. நிஷாந்தி அதை ஏறக்குறைய மனப்பாடம் செய்திருந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் நோர்வேயில் இருந்து எஸ். ராஜா என்பவரின் அழைப்பு வந்தது. கணினியில் அவருடைய பழைய முறைப்பாடுகள் வரிசையாகக் கிடந்தன. இரண்டு கைகளாலும் பிடித்து எறிகிற நீளத் தடி ஒன்று அவரிடம் இருந்தது, பதின்மூன்று அடி, ஒன்பதாம் இலக்கம். போன வருடம் யாரோ அவருக்கு ஒன்பதாம் இலக்க நூலை அனுப்பியிருந்தார்கள். அது ஒற்றைக் கைத் தடிக்கான ஒன்பது. இரண்டுக்கும் இலக்கம் ஒன்பதுதான், பாரம் பாதிகூட வராது. அது அவருடைய தடியை அசைத்துக்கூடப் பார்த்திராது. பிறகு அதை மாற்றி, இரண்டு கைத் தடிக்கான சரியான பாரத்தில் இன்னொரு நூல் போயிருந்தது. இப்போது அதுவும் சரியில்லை என்கிறார்.

"உங்கள் இரண்டாவது நூலும் உதவாது," என்றார் அவர், நிதானமான ஆங்கிலத்தில். ஆத்திரத்தை அடக்கிப் பேசுகிறவரின் நிதானம் அது.

நிஷாந்தி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். தடியின் நீளம், இலக்கம், பூச்சியின் அளவு. எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையில்லாமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று குளிரூட்டி பழுது, யன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். கீழே ஒழுங்கைக்குள் பாணும் கேக்கும் விற்கும் முச்சக்கர வண்டி தன் பாட்டைப் பாடிக்கொண்டு திரும்பியது. அவள் வாய்க்கருகில் இருந்த ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள். பொத்தியும் பயனில்லை.

மறுமுனையில் ஆங்கிலம் நின்றது.

"அது சூன் பாண் எல்லோ?" என்று தமிழில் கேட்டது குரல்.

விளங்கவில்லை, மன்னிக்கவும் என்று நிஷாந்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"உங்களுக்கு விளங்காட்டிலும் எனக்கு விளங்கிட்டுது, பிள்ளை. போன வருசமும் வந்து தங்கச்சியின்ர வீட்டில நிண்டனான். பின்னேரம் பின்னேரம் இந்தப் பாட்டுத்தான். கொழும்பில எவடம்?"

அவள் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள். மேற்பார்வையாளர் ஹரிசன் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். எல்லா அழைப்புகளும் பதிவாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்துவிட்ட ஆளிடம் பல நாடுகளில் இருக்கிறோம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"வெள்ளவத்தைங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "ஹம்டன் லேன் பக்கம்."

"ஹம்டன் லேனோ! கடவுளே. என்ர தங்கச்சி கௌரி ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறாள். நான் இவ்வளவு நாளும் இங்கிலாந்துக்காரனோட சண்டை பிடிக்கிறன் எண்டெல்லோ நினைச்சனான்." அவர் சிரித்தார். முழுப் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா என்றார். ஊர் பருத்தித்துறைப் பக்கம். நோர்வேயின் வட முனையில் மீன் தொழிற்சாலையில் காலம் போய்விட்டது என்றார். பிறகு, "பிள்ளை எந்த ஊர்? கதைக்கிற விதம் வேற மாதிரிக் கிடக்கு," என்று கேட்டார்.

"ஹட்டன் பக்கங்க."

"ஓ. தேயிலைத் தோட்டமோ?"

"தோட்டந்தாங்க."

குரலில் இருந்த சிரிப்பு போய், பழைய நிதானம் திரும்பி வந்தது.

"அங்க இதுகள் தெரிஞ்ச ஆம்பிளையள் ஆரும் இல்லையோ? இருந்தா ஒருக்காக் குடுங்கோ."

"இருக்காங்க," என்றாள் நிஷாந்தி. "ஆனா அவங்களும் மீன் பிடிச்சதில்லைங்க."

திரையில் அவருடைய இரண்டு முறைப்பாடுகளும் திறந்தபடி இருந்தன. இரண்டாவது நூலின் விவரத்தை அவள் மறுபடி வாசித்தாள். முப்பத்தெட்டுக் கிராம். அட்டவணைப்படி ஒரு குறையும் இல்லை. பிறகு, கேள்விப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"நீங்க எங்க நின்னு எறியறீங்க?"

"எங்க நிண்டு எண்டா? ஆத்துக்குள்ளதான்."

"இல்லைங்க, பின்னால என்ன இருக்கு?"

"பின்னாலயோ." அவர் யோசிப்பது கேட்டது. "இடுப்பளவு தண்ணிக்க நிக்கிறன். முதுகுப் பக்கம் கல்லு மலை. செங்குத்து. அதில பேர்ச் மரங்கள் ஆத்தைப் பாத்துச் சரிஞ்சு நிக்குது. எனக்கும் மரத்துக்கும் இடையில ஒரு மூண்டு பாகம் இருக்கும்."

"பாகம்னா?"

"ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், பிள்ளை. கடற்கரைக் கணக்கு."

நிஷாந்தி தன் கைகளை மேசைக்குக் கீழே கொஞ்சம் விரித்துப் பார்த்தாள். அந்த இடத்தில் நூலை நேராகப் பின்னால் வீச முடியாது. நுனியைத் தண்ணீரில் முன்னால் கிடக்கவிட்டு, மிச்சத்தைத் தோளுக்குப் பின்னால் வயிறுபோலத் தொங்கவைத்துத்தான் எறிய வேண்டும். நூல் நீண்டால் அந்த வயிறும் பெரிதாகும். அவருக்குப் போன நூலில் பாரமான பகுதி மட்டும் பதினேழு மீற்றர்.

"அந்த நூலோட பாரம் சரிங்க," என்றாள். "நீளந்தான் பிழை. அது திறந்த ஆத்துக்கு. அதே பாரம் கட்டையான நூல்ல வரணும். பத்து, பதினொரு மீட்டர்."

"இது உங்கட அட்டவணையில இல்லையோ?"

"அட்டவணையில தடி இருக்கு, நூல் இருக்கு. நிக்கிற இடம் இல்லைங்க."

அந்த ஆற்றில் மீன் பிடிக்கக் குலுக்கல் முறையில் இடம் கொடுப்பார்கள் என்றும், அவருக்கு விழுந்திருப்பது ஜூலையில் ஒரு கிழமை என்றும் அவர் சொன்னார். போன வருடமும் அப்படி ஒரு கிழமை விழுந்தது. அதைக் கம்பனி அனுப்பிய முதல் நூல் தின்றுவிட்டது. வலத் தோளில் சத்திர சிகிச்சை செய்த பிறகு ஒற்றைக் கைத் தடியைத் தூக்க முடியாது, அதனால்தான் இந்தத் தடி. இதையெல்லாம் அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை, வைத்தியருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியில் அவர் பெயரைக் கேட்டபோது, நினா என்பதற்குப் பதிலாக அவள் நிஷாந்தி என்றே சொன்னாள்.

ஹரிசன் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நிஷாந்தி விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைத் தேய்த்தார்.

"ஏற்கெனவே ரெண்டு நூல் குடுத்தாச்சு, நிஷாந்தி. மூண்டாவது எண்டா மேல கேப்பினம். மனுசனுக்கு எறியத் தெரியாமலும் இருக்கலாம்தானே."

"இருக்கலாம் சார். ஆனா நாம அனுப்பினது அந்த இடத்துக்குச் சரிவராத நூல். அது நமக்குத் தெரியாது, ஏன்னா நாம கேக்கல."

"நீங்க கேட்டது சரிவரும் எண்டு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல சார். பிழைச்சா என் பேரைப் போடுங்க."

"எந்தப் பேரை?" என்றார் ஹரிசன். "நினா எண்டோ?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் அவர் பரீட்சார்த்த நூல் என்ற கணக்கில் ஒன்றை அனுப்ப ஒப்புதல் கொடுத்தார்.

கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டு மேல்மாடியில் இரவுச் சாப்பாட்டின்போது நிஷாந்தி இதைக் கணவனுக்குச் சொன்னாள். தர்ஷன் கொச்சிக்கடையில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தான். நூல் கதையை அவன் பாதி கேட்டான். தோட்டமோ என்று கேட்ட கதையை முழுதாகக் கேட்டான்.

"ஆம்பளைங்க இருந்தாக் குடுன்னு சொன்னாரா? நீ அப்பவே ஃபோனை வச்சிருக்கணும்."

"வச்சா அந்தாளுக்கு யாரு நூல் அனுப்புறது?"

"நீ ஏன் கவலப்படுற?"

அவருடைய அந்தப் பேச்சு அவளை உறுத்தவில்லை என்று இல்லை. தோட்டம் என்றதும் குரல் மாறுகிற ஆட்களைக் கொழும்பில் அவள் வேண்டிய மட்டும் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் மனதில் எங்கோ ஓரிடத்தில் அது போய்த் தங்கும். ஆனால் இந்தத் தடவை அதைவிட, தான் சொன்னது சரிதானா என்ற யோசனையே தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, நீளமான ஒட்டடைக் கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தரையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, தண்ணீர்த் தாங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நீளக் கயிறு பின்னால் போய்த் தாங்கியில் அடித்து விழுந்தது. மறுபடியும் அடித்தது. பிறகு அதை வெட்டாமல் இரண்டாக மடித்துக் கட்டினாள்: பாரம் அதேதான், நீளம் பாதி. இப்போது கயிறு தாங்கியைத் தொடாமல் வளைந்து, தலைக்கு மேலால் முன்னே போய் ஈரத்தில் தொப்பென்று விழுந்தது. அழகாக விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் விழுந்தது.

"பக்கத்து வீட்டு ஆளுங்க பாக்குறாங்க," என்றான் தர்ஷன், தேத்தண்ணிக் கோப்பையோடு கதவருகில் நின்று.

"பாக்கட்டும்."

ஜூலை வந்து போயிற்று. நோர்வேயில் இருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நூல் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கணினி காட்டியது. நிஷாந்தி அவராக எழுதட்டும் என்று விட்டுவிட்டாள். ஆகஸ்டில், கம்பனியின் இணையத் தளத்தில் அந்த நூலின் படத்துக்குக் கீழே ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு குறிப்பு வெளிவந்தது. ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தார். இரண்டு வருடம் அட்டவணைகளோடு மல்லுக்கட்டியதாகவும், கடைசியில் கொழும்பு, வெள்ளவத்தை, ஹம்டன் லேனுக்குப் பக்கத்தில் இருக்கும் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெண் தான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டதாகவும், அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை என்றும், குலுக்கலில் விழுந்த கிழமையில் இரண்டு மீன் கிடைத்ததாகவும் எழுதியிருந்தார். அவளுடைய சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

அவர் நல்லதுக்குத்தான் எழுதினார். அதை வாசித்த மேலிடத்துக்கு, வெள்ளவத்தை என்ற சொல்லுக்கு அப்பால் எதுவும் கண்ணில் படவில்லை.

அடுத்த கிழமை திரையில் ஒரு கூட்டம் நடந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் பொறுப்பான பெண், மென்மையாகப் பேசுகிறவர், பதிவைக் கேட்டதாகவும், மொழி விளங்காவிட்டாலும் எந்த இடத்தில் ஆங்கிலம் நின்றது என்பது விளங்கியதாகவும் சொன்னார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"அவர் கண்டுபிடித்துவிட்டார்," என்றாள் நிஷாந்தி. "அதற்குப் பிறகு பொய் சொல்லியிருந்தால் நான் கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லியிருக்க மாட்டார்."

அது நியாயமான விளக்கம் என்றார் அந்தப் பெண். ஆனாலும் விதி விதிதான் என்றார். நிஷாந்தி தொலைபேசியில் இருந்து எடுக்கப்பட்டு மின்னஞ்சல் பக்கம் போடப்பட்டாள். ஹரிசன் கூட்டம் முழுவதும் தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நூலை அனுப்ப ஒப்புதல் கொடுத்தவர் தாமே என்று அவர் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவுமில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, "நான் என்ன செய்யிறது, நிஷாந்தி," என்றார். அது கேள்வி இல்லை; அவள் படியிறங்கிக்கொண்டே போனாள்.

ஒக்டோபரில் அட்டவணையின் புதிய பதிப்பு வந்தது. நூல் தெரிவு செய்யும் படிவத்தில் ஒரு கேள்வி கூடியிருந்தது: நீங்கள் எங்கே நின்று எறிகிறீர்கள், உங்களுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது. அதை யார் சொல்லிச் சேர்த்தார்கள் என்று எங்கும் இல்லை. நிஷாந்தி அதைப் பார்த்தாள், அடுத்த மின்னஞ்சலைத் திறந்தாள். அன்று மதியம் கொண்டுவந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

டிசம்பரில் ஸ்ரீஸ்கந்தராசா தங்கையிடம் வந்தார். ஒரு மாலை அலுவலகம் விட்டு நிஷாந்தி படியிறங்கியபோது, புடவைக் கடை வாசலில் நீளமான துணிக்குழாய் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒல்லியான ஒரு மனிதர் நின்றார். அவளை அவர் கண்டதில்லை. இறங்கி வந்த பெண்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்திருப்பார் போலிருந்தது.

"நிஷாந்தி நீங்கள்தானோ?"

"ஆமாங்க."

"நான் ராசா. நோர்வே." அவர் குழாயைத் தட்டிக் காட்டினார். "தடி இருக்கு. நூலும் இருக்கு. பாக்கிறீங்களோ?"

அவள் தர்ஷனுக்கு ஃபோன் எடுத்தாள். அன்று அவனுக்கு வேலை நேரத்தோடு முடிந்திருந்தது. அவன் பஸ்ஸில் வந்து சேர, மூவரும் ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கினார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. கடல் டிசம்பர்க் கடல், குளம்போலக் கிடந்தது. ஸ்ரீஸ்கந்தராசா தடியைத் துண்டு துண்டாகப் பொருத்தினார். பொருத்தி முடித்ததும் அது ஒரு மாடி உயரத்துக்கு நின்றது. ஆட்கள் நடமாடுகிற இடம் என்று கொக்கிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு குஞ்சத்தைக் கட்டினார். காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் போனார்.

அவர் பலமாக வீசவில்லை. கீழ்க் கையால் தடியின் அடியைத் தன் வயிற்றுப் பக்கம் இழுத்தார், அவ்வளவுதான். நூல் அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு கணம் தொங்கி, பிறகு ஒரு வளையமாகி முன்னே உருண்டு போய், எங்கோ தூரத்தில் சத்தமில்லாமல் நீட்டி விழுந்தது. நூற்றுக்கணக்கான காணொளிகளில் நிஷாந்தி இதைப் பார்த்திருந்தாள். நூல் போகும்போது ஒரு சீறல் கேட்கும் என்பது எந்தக் காணொளியிலும் இல்லை.

"என்ர குறிப்பைப் பாத்தவையோ உங்கட மேலிடத்தில?" என்று கேட்டார் அவர், திரும்பாமலே. "சம்பளத்தையும் கூட்டச் சொல்லி எழுதினனான்."

"பாத்தாங்க. என்னை ஃபோன்ல இருந்து எடுத்துட்டாங்க."

அவர் திரும்பினார். "ஏன்?"

"எங்க இருந்து பேசுறோம்னு சொல்லக் கூடாதுங்க. விதி."

அலை ஒன்று வந்து அவருடைய மடித்த காற்சட்டையை நனைத்துப் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு அது தெரியாது, பிள்ளை. நான் அதை அழிச்சுவிடட்டோ?"

"வேணாங்க. அதைப் பாத்து மூணு பேரு அந்த நூலை வாங்கியிருக்காங்க. எல்லாரும் பின்னால மரம் உள்ளவங்க."

அவர் தர்ஷனை ஒருமுறை பார்த்தார், கடலில் கிடந்த நூலை இழுத்தெடுத்தார். பிறகு கரைக்கு வந்து தடியை அவளிடம் நீட்டினார்.

"பிடியுங்கோ."

அவள் செருப்பைக் கழற்றித் தர்ஷனிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். தடி அவள் நினைத்ததைவிடப் பாரமாகவும், நுனி அவள் நினைத்ததைவிட உயிரோடும் இருந்தது. முதல் தடவை நூல் அவள் காலடியிலேயே குவிந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். நிஷாந்தி ஸ்ரீஸ்கந்தராசா செய்ததை நினைத்துப் பார்த்து, மேல் கையைத் தளர்த்தி, கீழ்க் கையை இழுத்தாள். தடி அடிவரை வளைந்தது. முப்பத்தெட்டுக் கிராம் என்று அவள் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த பாரம் இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு போயிற்று. நூல் கோணலாகத்தான் விழுந்தது, ஆனால் தூரத்தில் விழுந்தது.

"மேக்க மொகக்த, நங்கி?"

பின்னால் ஒரு பொலிஸ்காரர் நின்றார். சுற்றுக்கு வந்தவர், பெரிய கம்போடு ஒரு பெண் கடலுக்குள் நிற்பதைக் கண்டு இறங்கி வந்திருக்கிறார். இது என்ன தங்கச்சி என்று கேட்டவருக்கு, தூண்டில் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். கொக்கி எங்கே என்று அவர் கேட்டார். கொக்கி போடவில்லை, ஆட்கள் நடக்கிறார்கள் என்றாள். கொக்கி இல்லாமல் எதற்கு எறிகிறீர்கள் என்று அவர் கேட்டது விசாரணைக்காக அல்ல, அறிந்துகொள்ளத்தான். இதையெல்லாம் அவள் இதுவரை சிங்களத்தில் யாருக்கும் சொன்னதில்லை. சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள்: தடிக்கு ஏற்ற நூலா என்று பார்க்கிறோம். நூலின் பாரம் சரியாக இருக்க வேண்டும். நிற்கிற இடத்துக்கு நீளமும் சரியாக இருக்க வேண்டும்.

பொலிஸ்காரர் தடியின் நுனிவரை அண்ணாந்து பார்த்தார். "இத்திங், ஹரித?" என்றார். அப்படியென்றால், சரியா?

நிஷாந்தி ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் சொல்லட்டும் என்பதுபோல.

"ஹரி," என்றாள்.

பொலிஸ்காரர் தலையசைத்துவிட்டுத் தெகிவளைப் பக்கமாக நடந்தார். தர்ஷன் பசிக்கிறது என்றான். ஸ்ரீஸ்கந்தராசா நூலைச் சுற்றத் தொடங்கினார், அவள் தடியின் துண்டுகளைக் கழற்றிக் கொடுத்தாள்.